மூடி திறக்காத பாயசம்

எங்கள் சாஸ்தாவுக்குப் பாயசம் கொண்டுபோகிற வெண்கலப் பானைக்கு மூடி கிடையாது. வாழையிலையைத் தணலில் வாட்டி, பானையின் வாயில் விரித்து, நாரால் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடுவோம். பங்குனி உத்திரத்தன்று அந்தப் பானையோடு கோயிலுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அப்பா செய்தார், நானும் செய்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த இலை வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். எட்டாம் வகுப்போடு வயலில் இறங்கிவிட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் சொன்ன ஒன்றும் இப்போது ஞாபகமில்லை. அந்தப் பங்குனி உத்திரத்தில் படித்தது மட்டும் சாகிறவரை மறக்காது.

எங்கள் சாஸ்தா கோபுரமும் மதிலும் உள்ளவர் அல்ல. மலையடிவாரத்தில், வயல்கள் முடிகிற இடத்தில், ஒரு சின்னக் கருவறை. முன்னால் ஓடு போட்ட மண்டபம். பக்கத்தில் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு கல்தொட்டி. பூசை செய்கிற போற்றியைத் தவிர மற்ற நாட்களில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. பங்குனி உத்திரத்தன்று மட்டும் நாகர்கோவில், தக்கலை, திருவனந்தபுரம், மெட்ராஸ் என்று பிரிந்துபோன குடும்பங்களெல்லாம் வந்து சேரும். ஒவ்வொரு குடும்பமும் வெட்டவெளியில் மூன்று கல்லைக் கூட்டி மண்பானையில் பொங்கலிடும். பாயசத்தை மட்டும் வீட்டிலேயே காய்ச்சி எடுத்துப்போவோம். தேங்காய் திருவி, பிழிந்து, தலைப்பாலைத் தனியாக எடுத்துவைத்து, சிறுபயறை வறுத்துக் குழைய வேகவைத்து வெல்லம் சேர்ப்பதையெல்லாம் அந்த வெயிலில் குந்தியிருந்து செய்ய முடியாது.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். மகனுக்குக் கல்ஃபில் வேலை. லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். மருமகள் எங்களோடு இருந்தாள். தக்கலைக்கு மேற்கே அவளுடைய ஊர். பேச்சில் மலையாளம் ஓடும். தண்ணீரை அவள் வெள்ளம் என்றுதான் சொல்வாள்.

என் அக்காவுக்கு அதைக் கேட்டால் நாக்கு சும்மா இருக்காது. "வெள்ளம்னா ஊரை அடிச்சிட்டுப் போறது மக்கா. குடிக்கதுக்குப் பேரு தண்ணி" என்பாள்.

"செரி பெரியத்தை. உங்களுக்குத் தண்ணி, எனக்கு வெள்ளம்" என்று மருமகள் சிரிப்பாள்.

சண்டை இல்லை. ஆனாலும் அக்கா ஒரு கண்ணை அவள்மேல் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அக்கா எங்கள் குடும்பத்தில் மூத்தவள். அடுத்த தெருவில்தான் வீடு. சாஸ்தா காரியத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் வழக்கத்தில் புதிதாக வந்த மருமகள் முதல் உத்திரத்துக்குத் தன் கையால் பாயசம் காய்ச்சி, கோயிலில் தன் கையாலேயே திறந்து, சாஸ்தா முன்னால் விரித்த இலையில் விளம்ப, அதாவது பரிமாற, வேண்டும். அது நல்லபடியாக நடந்துவிட்டால் சாஸ்தா அவளை வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டார் என்று பொருள். நடக்காவிட்டால் என்ன பொருள் என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. என் வீட்டுக்காரிக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும்.

அவள் மருமகளாக வந்த முதல் உத்திரத்தில் பொங்கலிடுகிற முறையும் அவளுக்கே வந்தது. அவள் இட்ட மண்பானை அடுப்பிலேயே பிளந்தது. பாலும் அரிசியும் தீயில் கொட்டி அடுப்பு அவிந்தது. யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எந்தப் பழைய காரியத்துக்கு வருஷம் சொல்ல வேண்டியிருந்தாலும், "அது பானை உடைஞ்ச வருஷத்துக்கு அடுத்த வருஷம்லா" என்பார்கள். என் மகன் பிறந்ததும் அப்படித்தான் கணக்கு, கிழக்கு வயலில் வாழை வைத்ததும் அப்படித்தான் கணக்கு. அதன்பிறகு அவள் கோயில் அடுப்புப் பக்கம் போகவில்லை. விறகு எடுத்துக் கொடுப்பாள், இலை துடைப்பாள், தேங்காய் கழுவுவாள். பானையை அக்கா பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

உத்திரத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரி என்னிடம், "எனக்கு வந்தது எனக்கோட போட்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு கொறையும் வரப்பிடாது, கேட்டியளா" என்றாள். நானும் "சாஸ்தா இருக்காரு" என்றேன். எல்லாவற்றுக்கும் நான் சொல்கிற பதில் அது.

மறுநாள் காலையில் மருமகள் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயசம் காய்ச்சினாள். வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அவள் கடைசியாகத் தலைப்பாலை ஊற்றிக் கிளறி இறக்கும்போது என் வீட்டுக்காரி வெண்கலப் பானையைத் துடைத்து, இலை வாட்டத் தொடங்கினாள். நான் அப்போது மகன் கொண்டுவந்திருந்த பாத்திரத்தை எடுத்துவந்து நடுவில் வைத்தேன்.

அது எவர்சில்வர் பாத்திரம். மூடிக்கு உள்ளே ரப்பர் வாஷர். மூடியை அமர்த்தி இரண்டு பக்கமும் கிளிப்பு மாட்டிவிட்டால் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. வந்த அன்றைக்கே தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டியவன் நான்.

"இதுலயா?" என்றாள் என் வீட்டுக்காரி. "பாயசத்துக்கு ஆவி போணும்லா. எப்பமும் போல இலையைக் கட்டுவோம்."

"ஏட்டி, ஆட்டோ அந்த மண்ரோட்டுல குதிச்சுக் குதிச்சுத்தான் போகும். தளும்பிச்சுன்னா யாருக்க மடி வேகும்? ஒனக்க மடியா எனக்க மடியா?"

"இத்தன வருஷமும் வேகாத மடி இப்பம் வேகுமாக்கும்."

"இத்தன வருஷமும் இந்தப் பாத்திரம் இல்லையே."

அவள் வாட்டிய இலையை மடித்து ஒதுக்கி வைத்தாள். கொதி அடங்குவதற்கு முன்பே நான் பாயசத்தை ஊற்றி, மேலே நாலு விரல் இடம் விட்டு, மூடியை அமர்த்திக் கிளிப்பை மாட்டினேன். 'டிக்', 'டிக்' என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே திருப்தி.

ஆட்டோவில் பாத்திரம் என் மடியில் இருந்தது. சொன்னபடி ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் மடித்துப்போட்ட ஈரத்துண்டையும் தாண்டி என் தொடை வெந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியுமா? வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது அக்காவின் பொங்கல் பொங்கி முடிந்திருந்தது. அடுப்பில் தணல் கிடந்தது. அக்காவின் கணவர், என் அத்தான், மண்டபத்துத் தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மற்றக் குடும்பங்கள் படையலை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தன. எங்கள் முறை வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாத்திரத்தைத் தொட்டால் கை பொரிகிறது. இலையில் விளம்பினதும் போற்றி நீர் சுற்றிக் கைகாட்டுவார். அந்த நொடியிலேயே சாஸ்தா அதை ஏற்கிறார் என்பது என் நம்பிக்கை. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியானால் இந்தக் கொதிக்கிற பாயசத்தையா அவருக்குக் கொடுப்பது? நாக்கு சுட்டுவிடாதா? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோம். சாமிக்கு அந்தக் கரிசனம் வேண்டாமா? மற்ற வருஷங்களில் இலை கட்டிய பானை வழியிலேயே பாதி ஆறியிருக்கும். இது ஆறவில்லை.

கிணற்றிலிருந்து நாலைந்து வாளி இறைத்துக் கல்தொட்டியை நிரப்பினேன். பங்குனி வெயிலிலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். பாத்திரத்தைக் கழுத்தளவுக்கு அதில் இறக்கி வைத்து, சூடாகிற தண்ணீரைத் தள்ளிவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றி, மூடிமேலும் இரண்டு செம்பு விட்டேன். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னலே அது?" என்றாள் அக்கா.

"பாயசம் ஆறுது" என்றேன் நான், ரொம்பத் தெரிந்தவனைப் போல.

எங்கள் முறை வந்தது. மருமகள் பாத்திரத்தைத் தூக்கி மண்டபத்தில் வைத்து, சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளிப்புகளைக் கழற்றினாள். மூடியின் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். பாத்திரமும் சேர்ந்து மேலே வந்தது. இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். மறுபடியும் பாத்திரம் சேர்ந்து வந்தது.

"கொஞ்சம் பலமாட்டு இழு மக்களே" என்றேன்.

அவள் இழுத்தாள். என் வீட்டுக்காரி பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, மறுபடி இழுத்தாள். மூடி அசையவில்லை. நான் இழுத்தேன். அசையவில்லை. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். வாஷர் உள்ளே எங்கேயோ பதிந்திருந்தது, கரண்டிதான் வளைந்தது.

அத்தான் எழுந்து வந்தார். வாழைக்குலையை ஒற்றைக் கையால் தூக்குகிற மனிதர். "மாப்ளே, நீ விடு. கல்ஃப் சாமானத்துக்கு நம்ம ஊருக் கை வேணும்" என்று பாத்திரத்தை மண்டபத்துக்கு வெளியே தூக்கிப்போய்க் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். "நீ மூடியை இழு. நான் விடமாட்டேன்."

கல்தொட்டியின் பக்கத்தில், காலுக்குப் பிடிமானம் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, சாஸ்தாவே என்று ஒரே இழுப்பு இழுத்தேன். மூடி வரவில்லை. பிடி வந்தது. நான் பின்பக்கமாகப் போய், வாளி வாளியாக நானே கொட்டிவைத்திருந்த சேற்றில் உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி. கையில் அந்தப் பிடி, மணியாட்டுகிறவனின் கையில் மணி இருக்கிற மாதிரி.

வந்திருந்த அத்தனை குடும்பமும் சிரித்தது. அத்தான் பாத்திரத்தை விடாமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாப்ளே, பூசைக்கு மணி கிடைச்சாச்சு, பாயசந்தான் கிடைக்கல்ல" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது.

மருமகள் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"இது பாத்திரத்துக்க கொறையின்னு எனக்குத் தோணல்ல" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். அக்கா மெதுவாகப் பேசினால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். "ஒரு சத்தம் கேட்டுல்லா. அப்பமே எனக்கு மனசுல பட்டுது. அவருக்குப் பிடிக்கலைன்னா நம்ம இழுத்து என்ன செய்ய?"

"மைனி, சும்மா இருங்கோ" என்றாள் என் வீட்டுக்காரி.

"நான் என்ன சொல்லிட்டேன்? நடந்ததைச் சொன்னேன்."

போற்றி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். "உங்க இலை ஒண்ணுதான் பாக்கி. சீக்கிரம் கொண்டு வாங்கோ. உச்சிப்பூசை கழிஞ்சா நடை அடைச்சிருவேன், இனி சாயங்காலந்தான்."

சாயங்காலம் வரைக்கும் யார் இருப்பார்கள்? வந்த குடும்பங்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிடும். புறப்படும்போது இந்தக் கதையையும் எடுத்துக்கொண்டு போகும். அடுத்த வருஷத்திலிருந்து 'மூடி திறக்காத வருஷம்' என்று ஒரு கணக்குத் தொடங்கும்.

மருமகள் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் குளிச்சு, சுத்தமாட்டுதான் வச்சேன் மாமா" என்றாள்.

அந்தச் சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சேற்று வேட்டியோடு நான் நடைக்கு நேரே போய் நின்றேன். எனக்கு மந்திரமெல்லாம் தெரியாது. பேசுகிறபடிதான் கும்பிடுவேன். "அப்பனே, ஒனக்கு நாக்கு சுடும்னுதான் தண்ணியில வச்சேன். தப்புன்னா அது எனக்க தப்பு. இந்தப் பிள்ளையை விட்டுரு. என்னன்னு ஒண்ணு காட்டித் தா" என்று கேட்டேன்.

சாஸ்தா வாய்திறந்து பேசுகிறவர் அல்ல. ஆனால் கேட்டால் கண்ணுக்கு முன்னால் வைப்பார். திரும்பி வந்து பாத்திரத்தைப் பார்த்தேன். காலையில் தட்டையாக இருந்த மூடி, நடுவில் குழிந்து கிடந்தது.

"அத்தான், நீங்க இதுல அடிச்சியளா?"

"நான் எங்க அடிச்சேன்? கட்டிப்பிடிச்சிட்டுத்தானே இருந்தேன்."

யாரும் அடிக்கவில்லை. வெளியேயிருந்து ஒருவன் உள்ளங்கையை வைத்து அமுக்கினால் எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்திருந்தது. இந்தக் குழிவை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. எங்கே என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. என் வாழைத்தோட்டத்தில்தான். குளத்திலிருந்து தண்ணீர் எடுக்க டீசல் பம்பு வைத்திருக்கிறேன். குளத்துக்குள் கிடக்கிற குழாயின் வாயைப் பாசி அடைத்துக்கொண்டால், பம்பு ஓட ஓட அந்த ரப்பர் ஓஸ் ஒட்டிப்போய்ச் சப்பையாகிவிடும். பம்பு இழுக்கிறது, வருவதற்குத் தண்ணீர் இல்லை, அதனால் ஒட்டுகிறது என்று நினைத்துப் பாசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

"மக்களே, இஞ்ச வா" என்று மருமகளைக் கூப்பிட்டேன். "இதுக்குள்ள என்னவோ இழுக்குது. பாசி அடைச்ச ஓஸ் மாதிரி. ஆனா உள்ள பம்பு ஒண்ணும் இல்லையே. பாயசம்லா இருக்கு."

அவள் குனிந்து குழிவைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உள்ள இழுக்கதுக்கு ஆளில்லை மாமா. வெளிய உள்ள காத்துதான் அமுக்குது" என்றாள்.

"காத்தா? காத்து என்ன, ஏறி உக்காரதுக்கு ஆளா?"

"நம்ம மேலயும்தான் எப்பமும் அமுக்கிட்டிருக்கு. நமக்கு உள்ளேயும் காத்து இருக்கதினால தெரியல்ல. நீங்க இதை மூடும்போ மேல உள்ள எடத்துல முழுக்க ஆவிதானே நின்னுது? அது அங்க இருந்த காத்தை வெளிய தள்ளியாச்சு. பின்ன பச்ச வெள்ளத்துல வச்சதும் ஆவி தணுத்து, திரும்ப வெள்ளமாட்டு ஆயிப்போச்சு. அந்த எடம் காலி. உள்ள இருந்து திரும்பத் தள்ளதுக்கு ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டவள்போல் என்னைப் பார்த்தாள். "பிளஸ் டூ-ல படிச்சு எழுதினதுதான் மாமா. இப்பந்தான் மனசிலாகுது."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது, என் ஓஸும் தானாக ஒட்டவில்லை, அதையும் காற்றுதான் அமுக்கியிருக்கிறது என்று. இத்தனை வருஷமாகப் பம்பின்மேல் பழி போட்டுவந்திருக்கிறேன்.

"அப்பம், உள்ள திரும்ப ஆவி உண்டாச்சுன்னா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தோம்.

"தூக்கி அப்படியே தணல்ல வைப்போம்" என்று நான் எழுந்தேன்.

"வேண்டாம் மாமா. அடி பிடிச்சிரும், தலைப்பால் திரிஞ்சிரும். சூடு வெள்ளத்துல இறக்கி வச்சாப் போதும்."

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், ஒரு வாய் அகன்ற சருவத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அக்காவின் அடுப்பில் வைத்து, சுள்ளியை ஒடித்துப் போட்டு ஊதினாள். அவள் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒதுங்கி இடம் விட்டாள்.

தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் போன நேரம்தான் அன்றைக்கு எனக்குப் பெரிய நேரம். போற்றி உள்ளே பாத்திரங்களை ஒதுக்குகிற சத்தம் கேட்டது. அத்தான் மட்டும், "பாயசத்தைக் குளிக்க வச்ச. இனி வெந்நீர்லயும் குளிக்க வைக்கப் போற. சோப்பு வேணுமா மாப்ளே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொதித்த தண்ணீரோடு சருவத்தை இறக்கிவைத்துப் பாத்திரத்தை அதற்குள் வைத்தோம். மருமகள் ஒரு செம்பில் வெந்நீரை அள்ளி, மூடியின் குழிமேல் பையப் பைய விட்டாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அக்காவும் நின்றாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரி மருமகளின் செம்பு பிடித்த கையின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். இன்னும் ஒரு செம்பு. இன்னும் ஒன்று.

'டொக்.'

குழி மேலே எழும்பி மூடி தட்டையானது. "இப்பம் எடு மக்களே" என்றேன். பிடிதான் என் கையோடு வந்துவிட்டதே. அவள் துண்டை விளிம்பில் கொடுத்து விரலால் தட்டினாள். இத்தனை பேர் இழுத்தும் வராத மூடி, கண்ணிமை திறக்கிற மாதிரி திறந்தது. பாயசத்தின் ஆவி அவள் முகத்தில் அடித்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் தன் கையால் கோரி எடுத்து, தன் கையால் விளம்பினாள். போற்றி நீர் சுற்றிக் கைகாட்டினார். மணி அடித்தது. பாயசம் அப்போதும் ஆவி பறக்கத்தான் இருந்தது. நான் உள்ளே பார்த்து, "கொஞ்சம் ஊதிக் குடிச்சுக்கோ" என்று சொன்னேன். அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

நடை அடைத்தபின் எல்லோரும் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். மருமகள் பாயசம் விளம்பிக்கொண்டு வந்தாள். அக்கா முதலில் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தாள்.

என் வீட்டுக்காரி அக்காவுக்கு எதிரே இருந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மைனி, அன்னைக்குப் பானை உடையதுக்கு முன்ன, தண்ணி வத்திப்போச்சுன்னு செம்பெடுத்து ஊத்துனது யாரு?"

இந்தக் கேள்வி அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அக்கா பிசைவதை நிறுத்தினாள். "நாந்தான். அடி பிடிக்கப் போகுதேன்னு ஊத்துனேன்."

"கெணத்துத் தண்ணி."

"பின்ன, அங்க வேற என்ன தண்ணி இருந்துது?"

"காஞ்சு கெடந்த மண்பானை" என்றாள் என் வீட்டுக்காரி. அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

மருமகள் பாயசக் கரண்டியோடு நின்றுவிட்டாள். சுட்டுக் கிடக்கிற மண்பானையில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அடுப்படியில் வளர்ந்தவர்கள்தான். தெரிந்த காரியமே, கோயில் வாசலில் வைத்து நடந்ததால், எங்கள் கண்ணுக்கு வேறாகத் தெரிந்துவிட்டது. சாஸ்தா ஒரு பெண்ணின் பானையை உடைக்கிறவர் அல்ல. அதை நான் அன்றைக்கு உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

அக்கா இலையை முன்னால் தள்ளினாள். "மக்கா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. தலைப்பால் கொள்ளாம், நல்லா சேந்திருக்கு" என்றாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஊருக்குள் கொஞ்சம் தொந்தரவான ஆளாகிவிட்டேன் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி வெந்நீரை விட்டுக் குலுக்கி, கொட்டிவிட்டு, உடனே மூடியைத் திருகிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் பாட்டில் நொறுங்கிச் சுருங்கும். டீக்கடையில் வைத்து இதைப் பலமுறை செய்துகாட்டியிருக்கிறேன். "யாரு அமுக்குனா? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பேன். "நீரு வேலையத்துப்போய் அமுக்குறீரு" என்றுகூட ஒருவர் சொன்னார். பரவாயில்லை. அவரும் வீட்டுக்குப் போய்ச் செய்துபார்த்திருக்கிறார் என்று அவருடைய மனைவி மூலம் தெரியவந்தது. என் தலைமேலும் தோள்மேலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று எந்நேரமும் இருக்கிறது, உள்ளேயிருந்து ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது என்பது எனக்குப் புதிதான செய்தி இல்லை. சாஸ்தாவைப்பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்படித்தான். காற்றும் அப்படி என்று தெரிந்தது அவர்மேலுள்ள பக்தியைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

போன பங்குனி உத்திரத்துக்கும் அதே பாத்திரத்தில்தான் பாயசம் கொண்டுபோனோம். அதற்குப் புதுப்பிடி போட்டாயிற்று. கோயிலில் இறங்கினதும் நானே கிளிப்பைக் கழற்றி மூடியைச் சற்று நகர்த்தி வைத்தேன். இலையும் நல்லது, மூடியும் நல்லது. எது ஆவியை விடும், எது விடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

போன வருஷம் பொங்கல் அடுப்பில் என் வீட்டுக்காரி உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா மூன்று கல்லையும் கூட்டி, புதுப்பானையைக் கழுவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேங்காய் திருவுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பானை பொங்கி வழிந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். பிறகு சோறு வேகவேகத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. பழக்கம் விடுமா? அக்கா எழுந்துவந்து, கிணற்றடியில் இருந்த செம்பை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி வந்தாள்.

என் வீட்டுக்காரி சோற்றைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"மைனி, அது வேண்டாம். அந்தப் பக்கத்துல சூடு வெள்ளம் வச்சிருக்கேன், அதை எடுங்கோ."

வெள்ளம் என்றுதான் சொன்னாள். மருமகள் என்னைப் பார்த்தாள். அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சூடு வெள்ளத்தை எடுத்துக் கொடுத்தாள்.